பதினாலில் ஒன்று செத்தது!

செல்போன் அலறியது!

ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொன்று நாற்பத்தேழு. நான்காவது மாடி அலுவலகத்தில் இருபது நாற்காலிகள் காலி. கண்ணாடி அறைக்குள் மேனேஜர். வெளியே ஜன்னலோரத்தில் அவள் மட்டும் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுங்கண்ணே... உங்களுக்கும் இன்னிக்கு டியூட்டியா?"

"இன்ஜினியரம்மா..." கோடவுன் செக்யூரிட்டி கத்தினார். "தம்பி உள்ள மாட்டிக்கிச்சும்மா!"

"எந்தத் தம்பி?"

"உங்க தம்பிம்மா! ரெண்டாம் நம்பர் ஃப்ரீசர் ரூம்ல! கதவு சாத்திக்கிச்சு. திறக்க மாட்டேங்குது!"

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

ஃப்ரீசர் ரூம்!

மருந்து கோடவுன் அது. ஊருக்கு வெளியே நாற்பது கிலோமீட்டர். உள்ளே மைனஸ் இருபத்துநாலு டிகிரி!

"எப்ப போனான்?"

"பதினொண்ணரைக்கு. 'அஞ்சு நிமிஷம்ண்ணே, ஒரு பெட்டி நம்பர் பாத்துட்டு வந்துடறேன்'னாரு. கோட்டுகூட போடல... வெறும் சட்டை!"

"வெளிய பேனல்ல பச்சை பட்டனை அமுக்குங்க!"

"இருபது தடவை அமுக்கிட்டேன்மா. 'அனுமதி இல்லை'னு சிவப்பா எரியுது."

"மெயினை ஆஃப் பண்ணுங்க!"

"பண்ணிப் பாத்துட்டேன். தாழ்ப்பாள் இறங்கினது இறங்கினதுதான். பேனலும் செத்துப்போச்சு. மறுபடி போட்டுட்டேன்."

"உள்பக்கம் சிவப்புக் கைப்பிடி இருக்குமே! கரண்ட் இல்லாட்டியும் அதை இழுத்தா திறக்குமே! அவனை இழுக்கச் சொல்லுங்க!"

"சொன்னேன்மா. கதவுல சின்னக் கண்ணாடி இருக்குல்ல... அதுல பனி படிஞ்சிருக்கு. விரலால என்னமோ எழுதறாரு. உள்ளேர்ந்து எழுதறதால இடம் வலம் மாறித் தெரியுது... இருங்க... கைப்... பிடி... இல்..."

"இல்?"

"'கைப்பிடி இல்லை'ன்னு எழுதியிருக்காரும்மா!"



அவனை வீட்டில் பொடியன் என்பார்கள். ஆறடி உயரம் வளர்ந்த பிறகும் பொடியன்தான். அம்மா போனபோது அவன் மூன்றாம் வகுப்பு. அன்றிலிருந்து சோறு போட்டதும், தலை சீவியதும், ரிப்போர்ட் கார்டில் கையெழுத்து போட்டதும் அவள்தான். கோடவுன் சூப்பர்வைசர் வேலைக்குச் சிபாரிசு செய்ததும் அவள்தான்!

'நான்தானே அவனை அங்கே அனுப்பினேன்?'

"ஃபயர் சர்வீஸுக்கு சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன். நடுவுல லாரி கவுந்து கிடக்காம். ஒரு மணி நேரம் ஆகுங்கறாங்க!"

"ஆம்புலன்ஸ்?"

"அது பக்கத்து ஊர்லேர்ந்து வந்துட்டிருக்கு. ஆனா வந்து என்னம்மா பண்ணும்? கதவு திறந்தாத்தானே!"

"போனை வைக்காதீங்கண்ணே! ஸ்பீக்கர்ல போட்டுட்டுக் கதவுகிட்டயே நில்லுங்க. அவன் தட்டிக்கிட்டே இருக்கட்டும். நான் இங்கேர்ந்து திறக்கறேன்!"

ஸ்பீக்கரில் கேட்டது...

டம்... டம்... டம்...

இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து தம்பியின் கை!

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் பேசிவிடுவோம். பயப்படாதீர்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

கோடவுனின் கதவு, குளிர், விளக்கு, அபாயச் சங்கு எல்லாவற்றையும் ஆட்டி வைப்பது பதினாலு குட்டி ஃபங்ஷன்கள். இவற்றுக்கென்று அலுவலக மூலையில் சர்வர் பெட்டி எதுவும் உறுமிக்கொண்டு நிற்காது. எங்கேயோ வாடகைக் கம்ப்யூட்டர்களில் தூங்கும். பட்டனை அமுக்கினால் எழுந்து, வேலையை முடித்துவிட்டு, மறுபடியும் தூங்கும். பதினாலையும் தனித்தனியாக மேய்க்க முடியுமா? எனவே எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் எழுதி, ஒரே அப்ளிகேஷனாகக் கட்டி வைத்திருந்தாள். ஏற்றினால் பதினாலும் சேர்ந்து ஏறும். ஒன்று தடுக்கி விழுந்தால் அத்தனையும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அதற்கு ரோல்பேக் என்று பெயர். அழித்தால்? மொத்தமும் சேர்ந்து அழியும்.

அவ்வளவுதான் பாடம். இப்போது அவளைப் பாருங்கள். கடவுச்சொல்லைத் தட்டுகிறாள்.

'கடவுச்சொல் தவறு.'

மறுபடி தட்டினாள்.

'கடவுச்சொல் தவறு.'

"காலையில ஒன்பது மணிக்குத் திறந்துச்சே!" என்று கத்தினாள்.

"என்னாச்சு? ஏன் கத்தறே?"

வாசலில் அவள் கணவன். கையில் காபி பிளாஸ்க். அவனும் இதே கம்பெனிதான். கோடவுனில் குளிரை அளக்கும் சென்சார்கள் அவன் பொறுப்பு. தலைவலி என்று காலையில் வீட்டிலேயே படுத்துவிட்டவன்.

"என்னங்க... பொடியன் ஃப்ரீசர்ல மாட்டிக்கிட்டான்!"

"என்னது?" பிளாஸ்க்கை வைத்துவிட்டு ஓடி வந்தான். "மச்சானா? ஐயையோ! கதவைத் திற முதல்ல!"

"என் லாகின் வேலை செய்யல! உள்ளே போனா கையாலயே திருத்திடலாம். பாஸ்வேர்டு தப்புங்குது!"

"பதட்டத்துல தப்பா அடிச்சிருப்பே."

"நாலு வருஷமா அடிக்கிற பாஸ்வேர்டுங்க!"

"வேற வழி?"

"இருக்கு. ஏத்துறதுக்கு இந்த லேப்டாப்ல தனிச் சாவி இருக்கு. அதை யாரும் தொட முடியாது. முழு அப்ளிகேஷனையும் மறுபடி ஏத்திடறேன்!"

எண்டரைத் தட்டினாள்.

ஒரு விநாடி... இரண்டு விநாடி...

'மாற்றம் எதுவும் இல்லை. ஏற்றத் தேவையில்லை.'

"அடப்பாவி!" திரையைப் பார்த்துத்தான் திட்டினாள். "என் ஃபைல்ல மாத்தம் இருந்தாத்தான் இது அசையும். அங்க எவனாவது கையால கெடுத்து வச்சிருந்தா இதுக்குத் தெரியாது. ஃபைல் அப்படியே இருக்கு, எல்லாம் நல்லாருக்குன்னு குறட்டை விடுது!"

"அப்ப ஃபைல்ல ஏதாவது மாத்து!"

எல்லா ஃபங்ஷன்களின் தலையிலும் ஒரு வரி குறிப்பைச் சேர்த்தாள். மறுபடி எண்டர்.

இந்த முறை அசைந்தது! ஒவ்வொன்றாகப் பச்சை டிக் விழுந்தது. விளக்கு... குளிர் அளவு... வருகைப் பதிவு...

"மூணு ஆச்சுண்ணே! தம்பியைத் தட்டச் சொல்லுங்க!"

டம்... டம்...

சத்தம் குறைந்திருந்தது.

"தட்டறாரும்மா... ஆனா தோளால தட்டறாரு. கை மரத்துப்போச்சு போல."

"பொடியா! அக்கா இருக்கேன்டா! உக்காந்துடாதே! நடந்துக்கிட்டே இரு!"

"அவருக்குக் கேக்காதும்மா..."

"கேக்காட்டியும் பரவாயில்ல, சொல்லுங்கண்ணே! கண்ணாடிகிட்ட வாயைக் காட்டிச் சொல்லுங்க!"

திரை சிவந்தது!

'அபாயச் சங்கு ஃபங்ஷனைக் காணவில்லை. ஏற்றுதல் தோல்வி. ரோல்பேக் தொடங்குகிறது...'

ஒவ்வொரு பச்சை டிக்காக மறைந்தது. அவள் இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"காணோமா? ஃபங்ஷன் எப்படிக் காணாமப் போகும்?" என்றான் கணவன்.

"தானா போகாது. எவனோ போய் அழிச்சிருக்கான்! சங்கு ஏறினப்புறம்தான் கதவு திறக்கிற ஃபங்ஷனைத் தொடணும்னு நான்தான் வரிசை போட்டு வச்சிருந்தேன். பாதுகாப்புக்காம்! அந்த வரிசையே இப்ப கழுத்தை அறுக்குது. சங்கு இல்ல... அதனால கதவு வரைக்கும் போகவே மாட்டேங்குது!"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"உள்பக்கக் கைப்பிடி இல்ல. சங்கு இல்ல. கதவு திறக்காது. என் லாகினும் இல்ல..."

"அதனால?"

"இது கோளாறு இல்லைங்க... கொலை! என் தம்பியை யாரோ கொன்னுட்டிருக்காங்க!"

"யாரு யாரைக் கொல்றது? ஞாயித்துக்கிழமைகூட மனுஷன் நிம்மதியா ரிப்போர்ட் எழுத முடியாதா?"

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் வெளியே வந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி. நெற்றியில் நிரந்தரச் சுருக்கம். விஷயத்தைக் கேட்டதும் போலீசுக்குப் போன் போட்டார். அதுவரைக்கும் சரி. அடுத்து அவர் சொன்னதுதான் அவளை எரித்தது.

"கதவை மட்டும் உடைக்காதீங்க! அந்த மாவட்டத்துக் குழந்தைங்க தடுப்பூசி அத்தனையும் அந்த ரூம்லதான் இருக்கு. கதவு போச்சுன்னா மருந்து போச்சு!"

"சார்! உள்ள ஒரு உயிர் இருக்கு!"

"தெரியும்மா... நான் அதுக்குச் சொல்லல..."

"உடைக்க முடிஞ்சா நான் உங்களைக் கேக்கவே மாட்டேன் சார்!"

ஸ்பீக்கரிலிருந்து செக்யூரிட்டி குறுக்கிட்டார். "கடப்பாரையே வளைஞ்சுபோச்சும்மா! ஆனா அந்தக் கைப்பிடி... அது நேத்து மத்தியானம் இருந்துச்சே! நான்தான் துடைச்சேன். அப்புறம் மேனேஜர் சாரும் உங்க வீட்டுக்காரரும் வந்து எல்லா ரூமையும் பாத்துட்டுப் போனாங்க. வேற ஒரு ஈ காக்கா உள்ள போகலையே!"

அவள் மேனேஜரைப் பார்த்தாள்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

'இவரா?'

யோசிக்க நேரமில்லை. பன்னிரண்டு மணி இரண்டு நிமிடம்.

கணவன் அவள் தோளைப் பிடித்தான். "நான் சொல்றதைக் கேளு. ஒரே வழிதான். இந்த அப்ளிகேஷனை மொத்தமா அழிச்சிடு. அழிச்சிட்டு முதல்லேர்ந்து சுத்தமா ஏத்து. அழிஞ்சதைக் காணோம்னு அப்ப அது சொல்லாதுல்ல?"

"மொத்தத்தையுமா?"

"மச்சான் உயிர் பெருசா, உன் அப்ளிகேஷன் பெருசா?"

நியாயமாகப் பட்டது. அழிக்கும் கட்டளையை அடித்தாள்.

'பதினாலு ஃபங்ஷன்களும் பதிவேடும் அழிக்கப்படும். நிச்சயமா?'

விரல் எண்டருக்கு மேல் நின்றது.

"அமுக்கு!" என்றான் கணவன்.

"அம்மா!" செக்யூரிட்டியின் அலறல். "தட்டற சத்தம் நின்னுபோச்சும்மா! தம்பி உக்காந்துட்டாரு... கண்ணாடியில தலை மட்டும்தான் தெரியுது!"

"எழுப்புங்கண்ணே! கதவை உதைங்க! அவன் எழுந்திருக்கணும்!"

"சீக்கிரம் அமுக்குடா செல்லம்!" கணவன் கெஞ்சினான்.

அமுக்கியிருப்பாள்.

ஆனால் அந்த நொடியில் போன மாதம் ஞாபகத்துக்கு வந்தது. சோதனைக்காக இதே அப்ளிகேஷனின் நகல் ஒன்றை ஏற்றிவிட்டு, வேலை முடிந்ததும் அழித்தாள். ஏறுவதற்கு மூன்று நிமிடம். அழிவதற்கு? முப்பத்தைந்து நிமிடம்! நெட்வொர்க் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, ஆடி அசைந்து செத்தது. 'இது சாகறதுக்குள்ள நாம ரிடையர் ஆயிடுவோம்' என்று அன்றைக்கு ஒரு ஜோக்கூட பிறந்தது.

முப்பத்தைந்து நிமிடத்தில் பொடியன்...

விரலை எடுத்துவிட்டாள்.

"எதுக்கு அழிக்கணும்?" என்று முணுமுணுத்தாள். "பழசு கெட்டுக் கிடந்தா கிடக்கட்டும். பக்கத்துல புதுசா ஒண்ணு ஏத்தறேன்!"

"என்ன உளர்றே?" என்றான் கணவன்.

"என்கிட்ட முழு ஃபைல் இருக்கு! இப்ப இருக்கற பேரு குளிர் ஒண்ணு. இதே ஃபைலைக் குளிர் ரெண்டுன்னு ஏத்தினா... பதினாலும் புத்தம் புதுசா வரும். கெடுத்தவன் கை அதுல பட்டிருக்காது!"

"அது ஆபத்து! ரெண்டும் மோதிக்கும். சொன்னாக் கேளு, அழி!"

அவள் கேட்கவில்லை. 'ஒன்று' என்பதை 'இரண்டு' ஆக்கினாள். எண்டர்!

விளக்கு... பச்சை.

குளிர் அளவு... பச்சை.

சங்கு... பச்சை!

ஒன்பது... பத்து... பதினொன்று...

சிவப்பு!

'பதிவேடு: இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ரோல்பேக் தொடங்குகிறது...'

"ஐயோ!" அவள் குரல் கிழிந்தது.

யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்று எழுதி வைக்கும் பதிவேடு. அதற்கு மட்டும் பெயரைக் கல்வெட்டு மாதிரி நிரந்தரமாக எழுதித் தொலைத்திருந்தாள். எதை நகல் எடுத்தாலும் அதே பெயர். பழசு இருக்கும்வரை புதுசு வராது. சோம்பேறித்தனமாக விட்ட ஒரே ஒரு வரி. அதற்கு விலை தம்பியா?

"பாத்தியா? நான்தான் சொன்னேனே!" கணவனின் குரல் உயர்ந்தது. "அழி!"

"கொஞ்சம் வாயை மூடுங்க!"

கல்யாணமாகி ஆறு வருடத்தில் முதல் தடவையாக அப்படிச் சொன்னாள்.

ஃபைலில் பதிவேட்டின் வரிகளைத் தேடிப் பிடித்தாள். மொத்தமாக வெட்டினாள். 'கதவைத் திறக்கப் பதிவேடு எதற்கு?' கண்ணீர் கீபோர்டில் சொட்டியது. புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடி எண்டர்!

விளக்கு. குளிர் அளவு. சங்கு.

"அண்ணே, அவன் அசையறானா?"

"கண்ணாடியில என்னமோ எழுதிட்டு விட்டுட்டாரும்மா..."

"என்ன எழுதினான்?"

 செக்யூரிட்டி மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

"சொல்லுங்கண்ணே!"

"'அக்கா'ன்னு எழுதியிருக்காரும்மா..."

அவள் உதட்டைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது.

பதினொன்று... பன்னிரண்டு... பதின்மூன்று...

பதினாலு!

'குளிர் இரண்டு தயார்.'

"அண்ணே! பேனல்ல அட்ரஸ்னு ஒரு கட்டம் இருக்கும். கடைசியில ஒண்ணுன்னு இருக்கா?"

"கண்ணாடி போடாம வந்துட்டேனேம்மா... இருங்க, கண்ணைச் சுருக்கிப் பாக்கறேன்... ஆங், இருக்கு!"

"அதை அழிச்சிட்டு ரெண்டுன்னு போடுங்க. அப்புறம் பச்சை பட்டன்!"

"போட்டுட்டேன்... அமுக்கிட்டேன்..."



மேனேஜர் மூச்சை நிறுத்தினார். கணவன் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்தான்.

"அண்ணே?"

க்ளக்!

"திறந்துடுச்சும்மா! கதவு திறந்துடுச்சு! தம்பி... தம்பி... என் மேல சாஞ்சுக்கங்க தம்பி..."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, அலுவலகம் என்றும் பார்க்காமல், ஓவென்று அழுதாள்.

*

பன்னிரண்டு நாற்பது.

பொடியன் ஆம்புலன்ஸில் இருந்தான். விரல்களில் காயம், மற்றபடி பிழைத்துவிடுவான் என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார்.

அலுவலகத்தில் இன்ஸ்பெக்டர். ஐம்பது வயதுப் பெண்மணி. கம்ப்யூட்டரை அதிகம் நம்பாத, மனிதர்களைக் கொஞ்சமும் நம்பாத முகம்.

"கொலை முயற்சிங்கறீங்க. யார் மேல சந்தேகம்?"

அவள் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் பதறினார்.

"மேடம், நேத்து நான் போனது உண்மை. கடைசியா ரூமை விட்டு வந்தது யாருன்னு ஞாபகம் இல்ல. ஆனா கம்ப்யூட்டர்ல கை வைக்க எனக்குத் தெரியாது. மெயில் அனுப்பவே ஆள் வேணும் எனக்கு!"

"பதிவேட்டைப் பாத்துடலாம் மேடம்," என்றாள் அவள். "பழைய அப்ளிகேஷன் அப்படியேதான் இருக்கு. யாரு தொட்டாங்கன்னு அதுல இருக்கும். படிக்க என் சாவியே போதும்."

திறந்தாள்.

பதினொன்று ஐந்து: கதவு ஃபங்ஷன் கையால் திருத்தப்பட்டது. இனி ஒரு முறை மட்டுமே திறக்க அனுமதி.

பதினொன்று ஒன்பது: சங்கு ஃபங்ஷன் அழிக்கப்பட்டது.

பதினொன்று பன்னிரண்டு: கடவுச்சொல் மாற்றப்பட்டது.

மூன்றுக்கும் எதிரே ஒரே லாகின்.

அவளுடையது!

"இது உங்க லாகின்தானே?" இன்ஸ்பெக்டரின் குரல் மாறியது.

"ஆமா... ஆனா நான் செய்யல!"

"சொந்தத் தம்பியையே..." மேனேஜர் ஒரு அடி பின்வாங்கினார்.

"மேடம், அவ அப்படிப்பட்டவ இல்ல!" கணவன் முன்னால் வந்தான். கண் கலங்கியிருந்தது. "ஏதோ டென்ஷன்ல... வேலைப்பளு... தெரியாம பண்ணியிருப்பா. கொஞ்சம் பாத்து..."

அவள் மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அப்புறம் திரையைப் பார்த்தாள். பதிவேட்டின் வலது ஓரத்தில் இன்னொரு கட்டம் இருந்தது.

"மேடம், இந்த அப்ளிகேஷனை எந்த இடத்துலேர்ந்து தொடலாம்னு என் ஃபைல்ல மூணு அட்ரஸ் மட்டும் எழுதி வச்சிருக்கேன். ஒண்ணு இந்த ஆபீஸ். ரெண்டு கோடவுன். அவசரத்துக்கு இருக்கட்டும்னு மூணாவதா எங்க வீடு."

"சரி?"

"பதினொரு மணிக்கு நான் இங்க இருந்தேன்."

"ஆமா," என்றார் மேனேஜர் தயக்கத்தோடு. "பத்தரையிலேர்ந்து பதினொண்ணேகால் வரைக்கும் என் ரூம்லதான் உக்காந்து ரிப்போர்ட்டுக்கு நம்பர் சொல்லிட்டிருந்தாங்க."

"ஆனா இந்த மூணு வேலையும் நடந்தது மூணாவது அட்ரஸ்லேர்ந்து." விரலால் காட்டினாள். "எங்க வீட்டுலேர்ந்து. வீட்ல என் பழைய லேப்டாப் இருக்கு. பாஸ்வேர்டு அதுலயே சேமிச்சிருக்கு. பதினொரு மணிக்கு வீட்ல தலைவலின்னு படுத்திருந்தது..."

எல்லோரும் கணவனைப் பார்த்தார்கள்.

அவன் சிரிக்க முயன்றான். "யாராவது ஹேக்கர்..."

"அழி, அழின்னு ஏங்க அவ்வளவு கெஞ்சினீங்க?"

"மச்சானைக் காப்பாத்தத்தான்!"

"போன மாசம் சோதனை நகல் சாக முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. அன்னிக்கு என் பக்கத்துல உக்காந்து, 'இது சாகறதுக்குள்ள நாம ரிடையர் ஆயிடுவோம்'னு ஜோக்கடிச்சது யாரு?"

அவன் பார்வை வாசல் கதவுக்குப் போனது.

"அழிச்சா முப்பத்தஞ்சு நிமிஷத்துல என் தம்பி போயிருப்பான். கூடவே இந்தப் பதிவேடும் போயிருக்கும். அழிச்ச கை என்னோடதா இருக்கும். அழிக்காட்டியும், மாட்டுறது என் பேருதான். ரெண்டு பக்கமும் எனக்கே குழி வெட்டியிருக்கீங்க!"

இன்ஸ்பெக்டரின் போன் ஒலித்தது. ஆம்புலன்ஸில் கூடவே போயிருந்த கான்ஸ்டபிள். ஸ்பீக்கரில் போட்டார். பல் தந்தியடிக்கும் குரல்.

"அக்கா..."

"பொடியா! பேசாதேடா... ரெஸ்ட் எடு!"

"போன மாசம்... மூணு நாள் ரூம் ஜில்லுன்னே இல்லக்கா. என் தெர்மாமீட்டர்ல ப்ளஸ் ஒம்பது. ஆனா ரிக்கார்டுல மைனஸ் இருபத்துநாலுன்னே இருக்கு. அந்தத் தடுப்பூசியெல்லாம் வெளிய போயிடுச்சுக்கா. இன்னும் எந்தப் பெட்டி பாக்கி இருக்குன்னு பாக்கத்தான் இன்னிக்கு உள்ள போனேன்..."

"யார்கிட்டடா சொன்னே இதை?"

"மாமாகிட்ட மட்டும்தான். அவருதான், 'ஞாயித்துக்கிழமை ஆள் இருக்க மாட்டாங்க, பதினொண்ணரைக்கு போய்ப் பாரு, அக்காகிட்ட அப்புறம் சொல்லலாம்'னாரு... ஏங்க்கா?"

அவள் கணவனையே பார்த்தாள். 

கணவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். "சென்சார் கெட்டுப்போச்சு... மூணு நாளா நான் கவனிக்கல. பயந்துபோய் பழைய நம்பரையே ஓடவிட்டேன். தெரிஞ்சா ஜெயில்டி எனக்கு! வேற வழி தெரியல... கைப்பிடியையும் நான்தான் கழட்டினேன்..."

"செத்த மருந்தை எத்தனை குழந்தைங்களுக்குப் போட்டாங்களோ!" மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு கண்ணாடி அறைக்கு ஓடினார். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்காகப் போன் போடும் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் கைவிலங்கை எடுத்தார்.

"இந்தப் பதிவேடு கோர்ட்டு வரைக்கும் பத்திரமா இருக்குமாம்மா?"

"இருக்கும் மேடம். குளிர் ஒண்ணை நான் அழிக்கவே போறதில்ல."

க்ளிக். விலங்கு பூட்டிக்கொண்டது. கதவருகே போன கணவன் திரும்பினான். கன்னமெல்லாம் கண்ணீர்.

"ஒரே ஒரு தப்பும்மா... மன்னிச்சிடு. எல்லாத்தையும் மறந்துட்டுப் பழையபடி ஆயிடலாம்... ரோல்பேக் பண்ற மாதிரி..."

அவள் காபி பிளாஸ்க்கை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"ரோல்பேக் பண்ணணும்னா, முன்னாடி நல்ல வெர்ஷன்னு ஒண்ணு இருக்கணுங்க!"